பன்னிரண்டு கிரெடிட்

"வேலை செஞ்ச அனுபவத்துக்கே யுனிவர்சிட்டில டிகிரி குடுக்கறாங்களாமே, மெய்தானா தம்பி?"

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், அதுவும் சாட்ஸ்வொர்த் பக்கம், நான் வயது வந்தோர் படிப்பு விஷயத்தில் கொஞ்சம் கைகொடுக்கிறவன் என்று தெரிந்தால் போதும். கல்யாண வீடோ காவடித் திருவிழாவோ, யாராவது ஒருவர் தட்டும் கையுமாக வந்து இதைக் கேட்டுவிடுவார். கேட்பவர்களில் முக்கால்வாசிப் பேர் ஐம்பதைத் தாண்டியவர்கள். போனில் ஏதோ விளம்பரம் பார்த்திருப்பார்கள்: வகுப்பு வேண்டாம், பரீட்சை வேண்டாம், உங்கள் வாழ்க்கை அனுபவமே போதும், பட்டம் வீட்டுக்கு வந்துவிடும். அப்படி வரும் பட்டத்தைக் கண்ணாடி போட்டு வரவேற்பறையில் மாட்டிக்கொள்ளலாம். வேலைக்கு விண்ணப்பிக்கும்போது காட்டினால் வம்பு. போலித் தகுதி காட்டுகிறவருக்கு ஐந்தாண்டு வரை சிறை என்று இந்த நாட்டில் 2019இல் சட்டத்தையே திருத்தியிருக்கிறார்கள்.

விளம்பரம் பொய் என்றாலும் கேள்வியில் பாதி உண்மை இருக்கிறது. தென்னாப்பிரிக்காவில் 'ஆர்பிஎல்' என்று ஒரு ஏற்பாடு உண்டு. பள்ளிக்கோ கல்லூரிக்கோ போகாமல், வேலையிலும் வாழ்க்கையிலும் ஒருவர் கற்றதைச் சோதித்துப் பார்த்து, அதற்குரிய மதிப்பைக் கொடுப்பது. தமிழில் முன்கற்றல் அங்கீகாரம் எனலாம். ஆனால் இங்கே பாட்டிமார்கூட ஆர்பிஎல் என்றுதான் சொல்கிறார்கள். அதில் இரண்டு கதவுகள். ஒன்று, மெட்ரிக் (இங்கே பன்னிரண்டாம் வகுப்புத் தேர்ச்சி) இல்லாதவரைப் படிப்பில் சேர்த்துக்கொள்வது. இன்னொன்று, சேர்ந்த பிறகு, 'இந்தப் பாடம் உனக்கு ஏற்கெனவே தெரியும், இதைப் படிக்கவேண்டாம், இந்தா கிரெடிட்' என்று விலக்குத் தருவது. முதல் கதவு ஓரளவு திறக்கும். இரண்டாவதன் தாழ்ப்பாள் துருப்பிடித்துக் கிடக்கிறது.

கிரெடிட் என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன், கணக்கு எளிதுதான். ஒரு சாதாரண மாணவருக்குப் பத்து மணி நேர உழைப்பு பிடிக்கும் படிப்பு ஒரு கிரெடிட். வகுப்பு, வீட்டில் படிப்பது, பரீட்சைக்குத் தயாராவது எல்லாம் அதில் அடக்கம். ஓராண்டு உயர் சான்றிதழ் 120 கிரெடிட். மூன்றாண்டு இளங்கலை குறைந்தது 360. பன்னிரண்டு கிரெடிட் பாடம் ஒன்று என்றால் 120 மணி நேரம். தொழிற்சாலையில் ஷிப்டு பார்த்தவருக்கு இந்தக் கணக்கைச் சொன்னால் சிரிக்கிறார்கள். மூன்று வாரத்து வேலை நேரம்தானே அது!

உடனே அடுத்த வாக்கியத்தைச் சொல்லிவிட வேண்டியிருக்கிறது. மணி நேரத்தை வைத்துத்தான் கிரெடிட்டைக் கணக்கிடுகிறார்கள். ஆனால் நீங்கள் உங்கள் மணி நேரங்களைக் கொண்டுபோய்க் கொட்டினால் அது செல்லாது. அனுபவத்துக்கு மதிப்பு கிடையாது, அனுபவத்திலிருந்து கற்றதற்குத்தான் மதிப்பு என்பார்கள். இது ஏமாற்று வேலை என்று பலர் கோபப்படுவார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒரே தையல் லைனில் ஒரே இருபது வருடம் உட்கார்ந்த நாற்பது பெண்களில், சம்பள ஒப்பந்தத்தை வாங்கி வரிவரியாகப் படித்தவர் ஒருவர்தான் இருந்திருப்பார். நாற்பது பேருக்கும் ஒரே மதிப்பு கொடுத்தால் அந்த ஒருவருக்குத்தான் அநியாயம். விதி சரி. அந்த ஒருவரை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் என்பதில்தான் என் வழக்கு.

ஆர்பிஎல் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர்கள் தயாளகுணத்தோடு கண்டுபிடித்த திட்டம் இல்லை. இதைக் கேட்டு வாங்கியது தொழிற்சங்கம். 1990களின் தொடக்கத்தில், நிறவெறி ஆட்சி முடிகிற காலத்தில், உலோகத் தொழிலாளர் சங்கமான நும்சாவும் அது சேர்ந்திருந்த கொசாட்டு கூட்டமைப்பும் இதை மேசைமேல் வைத்தன. காரணம் வெளிப்படை. 1956ஆம் ஆண்டுச் சட்டத்தில் 'வேலை ஒதுக்கீடு' என்று ஒரு பிரிவு இருந்தது. இன்ன வேலை வெள்ளையருக்கு மட்டும் என்று அரசே வரையறுக்கலாம். 1922ஆம் ஆண்டின் பயிற்சித் தொழிலாளர் சட்டம் பள்ளித் தகுதியை முன்னே வைத்து மற்றவர்களை வாசலிலேயே நிறுத்தியது. ஆக, வேலையைச் செய்தது ஒருவர், அந்த வேலைக்குரிய சான்றிதழும் சம்பளமும் வாங்கியது இன்னொருவர். புதிய நாட்டில் சான்றிதழை மட்டும் பார்த்து வேலை கொடுத்தால் பழைய அநியாயமே சட்டைமாற்றிக்கொண்டு தொடரும் என்று சங்கங்கள் வாதாடின. 1995ஆம் ஆண்டின் தகுதி ஆணையச் சட்டம், 2008ஆம் ஆண்டின் தேசியத் தகுதிச் சட்டகச் சட்டம் என்று எல்லாம் அந்த வாதத்தின் மேல் எழும்பியவை.

நம் ஆட்கள் இந்தக் கதையில் எங்கே என்று கேட்கலாம். 1860 நவம்பரில் மதராஸிலிருந்து 'ட்ரூரோ' கப்பல் டர்பன் வந்ததிலிருந்தே உள்ளே இருக்கிறார்கள். கரும்புத் தோட்டத்துக்கு வந்தவர்களின் பிள்ளைகள் ஆலைக்குள் போனார்கள், ரயில்வேக்குப் போனார்கள், பிறகு துணி ஆலைகளுக்கும் ரெடிமேட் உடைத் தொழிற்சாலைகளுக்கும் போனார்கள். கைக்கு வேலை தெரிந்த அளவுக்குக் கையில் காகிதம் சேரவில்லை. பகலில் வேலை செய்கிறவர்கள் மாலையில் படிக்க இடம் வேண்டும் என்று பணம் கொடுத்தவர் எம்.எல். சுல்தான். 1890இல் கொல்லத்திலிருந்து ஒப்பந்தக் கூலியாக வந்தவர், ரயில்வேயில் சுமை தூக்கியவர். அவர் பெயரில் வந்த தொழில்நுட்பக் கல்லூரி இன்றைய டர்பன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்துக்குள் கலந்துவிட்டது. இந்தியருக்கென்று அரசு தனியாக ஒரு பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கியது 1961இல்தான். அதுவும் துறைமுகத்துக்குள் சாலிஸ்பரி தீவில், கடற்படை விட்டுப்போன பழைய கட்டடங்களில். மாணவர்கள் படகில் போய்ப் படித்திருக்கிறார்கள். அந்தப் படகில் ஏறியவர்கள் சிலர். கரையிலேயே நின்றவர்கள்தான் இன்று என்னிடம் கேள்வி கேட்கிறவர்களின் பெற்றோர்.

தொழில் கைவேலை சார்ந்ததாக இருந்தால் ஆர்பிஎல் நன்றாகவே நடக்கிறது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். ஸ்டேங்கர் பக்கத்துச் சர்க்கரை ஆலையில் வேலை செய்த ஒரு மாமா. பழைய ஆட்களுக்கு 'செக்‌ஷன் 28' என்றால் தெரியும். பயிற்சித் தொழிலாளராகப் பதிவாகாமல் வேலை அனுபவத்தை மட்டும் காட்டி டிரேட் டெஸ்ட் எனும் கைத்தொழில் தேர்வு எழுத 1981ஆம் ஆண்டுச் சட்டம் வைத்திருந்த வழி. மாமாவுக்கு அது அந்தக் காலத்தில் வாய்க்கவில்லை. சம்பளச் சீட்டில் கடைசிவரை 'அசிஸ்டென்ட்'. பம்பு நின்றால், ஷாஃப்ட் ஆடினால், நடு ராத்திரியில் ஆள் விட்டுக் கூப்பிட்டது அவரைத்தான். அவர் பழுது பார்க்க, பக்கத்தில் நின்று கையெழுத்துப் போட்டது தகுதி பெற்ற ஃபிட்டர். வயது ஏறிய பிறகு, இப்போதைய கைவினைஞர் ஆர்பிஎல் வழியாகப் போனார். என்னென்ன வேலை தெரியும் என்று ஒரு பட்டியலை வைத்துக் கேட்டார்கள், விட்டுப்போன இடத்துக்குக் கொஞ்சம் பயிற்சி கொடுத்தார்கள், பிறகு டிரேட் டெஸ்ட். வரைபடத்தைக் கொடுத்து, இரும்பைக் கொடுத்து, செய் என்றார்கள். செய்தார். வெர்னியர் வைத்து அளந்தார்கள். சரியாக இருந்தது. அவருக்கும் அவர் பேரனுக்கும் இப்போது ஒரே சான்றிதழ்; அதில் யார் எந்த வழியாக வந்தார் என்று தனியாகக் குறிப்பதில்லை. அளவுகோல் அவர் ஆங்கிலம் பேசுகிற விதத்தைக் கேட்கவில்லை என்பதுதான் இதில் முக்கியம்.

பல்கலைக்கழகத்தில் அப்படி ஓர் அளவுகோல் கிடையாது. அங்கே உங்களை அளப்பது நீங்களே எழுதும் கட்டுரை.

இங்கே ஓர் அக்காவைப் பற்றிச் சொல்லவேண்டும். சொல்ல அனுமதி கொடுத்திருக்கிறார், பெயர் வேண்டாம் என்றார். சாட்ஸ்வொர்த்தில் பிறந்து வளர்ந்தவர். தமிழ் பேசுவார், சமையல், சாமி, சண்டை மூன்றுக்கும் தடையில்லாத தமிழ், மற்றதெல்லாம் டர்பன் ஆங்கிலம். நான் 'ஊர்லேந்து வந்த தம்பி' என்பதால் என்னிடம் பாதிக்கு மேல் தமிழிலேயே பேசப் பார்ப்பார். ஸ்டாண்டர்டு 7இல், இன்றைய கணக்கில் ஒன்பதாம் வகுப்பில், பள்ளியை விட்டவர். அப்பாவுக்கு உடம்பு முடியவில்லை, வீட்டில் மூத்தவர், 1983இல் உடைத் தொழிற்சாலையில் ஓவர்லாக் மெஷினில் உட்கார்ந்தார். அந்தக் காலத்தில் இந்தியக் குடும்பங்களின் வெள்ளிக்கிழமைச் சம்பளக் கவரில் பெரும்பங்கு இந்தப் பெண்களின் கையால் வந்தது. வீட்டில் அதை யாரும் சத்தமாகச் சொல்லிக்கொண்டதில்லை, அது வேறு விஷயம்.

1990களில் அவரை லைன் பெண்கள் ஷாப் ஸ்டூவர்டாக, அதாவது தொழிற்சாலைக்குள் சங்கத்தின் பிரதிநிதியாக, தேர்ந்தெடுத்தார்கள். உடைத் தொழிலாளர் சங்கங்கள் ஒன்றாகி சக்ட்டு உருவான புதிது. பிறகு 1995ஆம் ஆண்டுத் தொழிலாளர் உறவுச் சட்டம் வந்தது. 1996 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. ஒருவரை வேலையைவிட்டு எடுப்பதற்கு முன் என்ன செய்யவேண்டும், எடுத்த காரணம் போதுமானதா, எடுத்த முறை சரியா என்று எட்டாவது பின்னிணைப்பில் விதிகள் போட்டிருந்தார்கள். சங்கம் நடத்திய வார இறுதி வகுப்பில் கொடுத்த புத்தகத்தை இந்த அக்கா தைக்கிற மெஷினின் இழுப்பறையில் வைத்திருந்தாராம். ஹியரிங் என்று, நிர்வாகம் நடத்தும் ஒழுங்கு விசாரணைக்கு, யாரைக் கூப்பிட்டாலும் அவர் பக்கத்தில் இவர் உட்காருவார். தொழிற்சாலைக்குள் தீராவிட்டால் பேரக் கவுன்சிலுக்கு, உடைத் தொழிலுக்கென்று தனியாக இருக்கும் அமைப்புக்கு, கடிதம் எழுதி வழக்கைக் கொண்டுபோவார். இறக்குமதிச் சுங்கம் குறைந்து சீனத்துத் துணி வந்து குவிந்தபோது டர்பன் தொழிற்சாலைகள் வரிசையாக மூடின; அவருடையதும் மூடியது. அப்போதும் ஆட்குறைப்பு இழப்பீடு எவ்வளவு என்று முதலாளியோடு உட்கார்ந்து பேசியவர்களில் இவரும் ஒருவர். அதன் பிறகு ஓர் ஆலோசனை மையத்தில் சம்பளமில்லாமல் உட்கார்ந்து, வேலை போனவர்களுக்குப் படிவம் நிரப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

இவர் தொழிலாளர் சட்டம் படிக்க ஆசைப்பட்டார். ஆர்பிஎல் வழியாகச் சேர்வதோடு, முதலாண்டுத் தொழிலாளர் சட்டப் பாடத்துக்கு, பன்னிரண்டு கிரெடிட்டுக்கு, விலக்கும் கேட்கலாம் என்று நான் சொன்னேன். அவரைவிட அந்தப் பாடத்துக்கு உரியவர் டர்பனில் யாரும் இருக்க முடியாது என்று நினைத்தேன், இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன்.

முதல் சிக்கல் காகிதம். ஆர்பிஎல்லுக்குத் தொகுப்பு ஒன்று, போர்ட்ஃபோலியோ, கொடுக்கவேண்டும். அதில் வேலைச் சான்று, மேலதிகாரியின் கடிதம், செய்த வேலையின் மாதிரிகள். காகிதம் கிடைக்காதவர்களுக்காக உண்டான திட்டம் முதலில் கேட்பது காகிதத்தை! தொழிற்சாலை இல்லை, முதலாளி எந்த நாட்டில் இருக்கிறார் என்று தெரியாது, பழைய மேனேஜர் காலமாகிவிட்டார். ஹியரிங் குறிப்புகள், கடித நகல்கள் எல்லாவற்றையும் ஒரு சூட்கேஸில் வைத்திருந்தார். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் வீட்டின் பின்பக்கம் தண்ணீர் புகுந்து அதில் பாதி கூழாகிவிட்டது. நானூறு பேருக்கு மேல் செத்துப்போன வெள்ளம் அது, சூட்கேஸைப் பற்றிப் பேச அப்போது யாருக்கும் மனசில்லை.

மிஞ்சியதை வெயிலில் உலர்த்தினோம். பழைய சம்பளச் சீட்டுகள் கொஞ்சம் கிடைத்தன. சங்க அலுவலகத்தில் பழைய பயிற்சிப் பட்டியலில் பெயர் இருந்தது, நகல் எடுத்துக் கொடுத்தார்கள். அவரோடு வேலை பார்த்த நாலைந்து பெண்களைத் தேடிப் பிடித்து, 'இன்ன ஆண்டில் என் ஹியரிங்கில் இவர் எனக்காகப் பேசினார்' என்று உறுதிமொழிப் பத்திரம் எழுதவைத்தோம். இங்கே அதற்கு வக்கீல் தேவையில்லை. போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனால் கவுண்டரில் இருக்கும் காவலரே உறுதிமொழி வாங்கி முத்திரை குத்திக் கொடுப்பார், காசு கிடையாது. ஆர்பிஎல்லுக்குப் போக நினைக்கும் யாரும் இதைக் குறித்துக்கொள்ளலாம். மூடிப்போன தொழிற்சாலைக்கு இதைவிட நல்ல மாற்று எனக்குத் தெரியாது.

இரண்டாவது சிக்கல் பெரியது. தன்னைப் பற்றி எழுதச் சொன்னார்கள்.

"நான் என்ன பெருசா செஞ்சேன் தம்பி, கூட போயி ஒக்காந்தேன், அவ்ளதான்" என்று ஆரம்பித்தார். முதல் வரைவைப் பார்த்தால் அதில் அவர் கிட்டத்தட்ட இல்லவே இல்லை. சங்கம் செய்தது, லைன் பெண்கள் ஒற்றுமையாக இருந்தார்கள், கடவுள் காப்பாற்றினார். நம் வீடுகளில் ஒரு பெண் 'இதை நான் செய்தேன், எனக்கு இது தெரியும்' என்று நாலு பேர் முன்னால் சொல்வது அகம்பாவம் என்று வளர்க்கிறோம். சங்கத்திலும் அதே பாடம்தான், தனி ஆள் பெருமை கூடாது. இரண்டு பள்ளியிலும் நன்றாகப் படித்தவர் அவர். பல்கலைக்கழகத்துக்கு வேண்டியதோ நேர் எதிர்: நான் முடிவெடுத்தேன், நான் யோசித்தேன், இந்தக் கோட்பாட்டின்படி செய்தேன், அடுத்த முறை இப்படி மாற்றிக்கொண்டேன். கம்பெனியில் மேனேஜராக இருந்து வருடா வருடம் தன் மதிப்பீட்டைத் தானே எழுதிப் பழகியவருக்கு இது தண்ணீர் பட்ட பாடு. அதனால்தான் இந்த வழியாக எளிதாக உள்ளே போகிறவர்களில் மேனேஜர்களை நிறையப் பார்க்கிறேன். யாருக்காகச் சங்கங்கள் சண்டை போட்டனவோ அவர்கள் முன்னுரையிலேயே நின்றுவிடுகிறார்கள்.

மேற்குக் கேப் பல்கலைக்கழகம் இதைப் பல ஆண்டுகளுக்கு முன்பே புரிந்துகொண்டது. தொகுப்பு எழுதுவதற்கென்றே தனி வகுப்பு நடத்தி, மெட்ரிக் இல்லாதவர்களைச் சேர்த்துக்கொண்ட முன்னோடி அது. எழுதக் கற்றுக்கொடுத்துவிட்டு எழுத்தைச் சோதிப்பதில் நியாயம் இருக்கிறது. எல்லா இடத்திலும் அப்படி இல்லை. பல இடங்களில் ஒரு படிவமும் ஒரு மாதிரித் தலைப்புப் பட்டியலும் மின்னஞ்சலில் வரும், அவ்வளவுதான்.

நேர்காணலுக்கு நானும் கூடப் போனேன், உள்ளே விடவில்லை. அவர் வெளியே வந்து சொன்னதிலிருந்து எழுதுகிறேன். மூன்று பேர் இருந்தார்கள். மரியாதையாகவே பேசினார்கள். பணிநீக்கத்தில் காரணத்தின் நியாயத்துக்கும் நடைமுறையின் நியாயத்துக்கும் என்ன வேறுபாடு என்று கேட்டார்கள். இவர் ஒரு கதை சொன்னார். பையில் ஒரு முழத் துணி இருந்தது என்று ஒரு பெண்ணை வேலையைவிட்டு எடுக்கப் பார்த்தார்கள். ஹியரிங்குக்கு முதல் நாள் சாயங்காலம்தான் கடிதம் கொடுத்தார்கள், தயாராக நேரமில்லை. துணியைப் பிடித்த சூப்பர்வைசரே ஹியரிங்கில் தீர்ப்புச் சொல்லும் நாற்காலியில் உட்கார்ந்தார். இரண்டையும் சுட்டி இவர் ஹியரிங்கைத் தள்ளிவைக்க வைத்தார். அடுத்த முறை, அதே வருடம் வெட்டும் பிரிவில் ஓர் ஆண் இதே போலப் பிடிபட்டபோது எச்சரிக்கைக் கடிதத்தோடு விட்ட பழைய பதிவை எடுத்து மேசையில் போட்டார். ஒரே குற்றத்துக்கு இரண்டு தண்டனையா? பெண்ணுக்கு வேலை மிஞ்சியது.

சட்டம் படித்த யாரும் இந்தக் கதையைக் கேட்டால் பட்டியல் போட்டுவிடலாம். முன்னறிவிப்பு, தயாராகும் அவகாசம், பாரபட்சமற்ற தலைவர், இவை நடைமுறை. தண்டனையில் ஒரே சீர், குற்றத்துக்கும் தண்டனைக்கும் பொருத்தம், இவை காரணம். கேட்ட கேள்விக்கு முழு விடை அதில் இருந்தது. ஆனால் 'நடைமுறை நியாயம் என்பது யாதெனில்' என்று அவர் தொடங்கவில்லை. அவர் அப்படித் தொடங்கியிருந்தால், அந்தத் துணி வழக்கு இல்லாமலேயே, வெறும் வரையறைக்கே மதிப்பெண் விழுந்திருக்கும்.

முடிவு வந்தது. சேர்க்கை உண்டு. பன்னிரண்டு கிரெடிட் இல்லை. விண்ணப்பதாரரின் அறிவு ஒரு குறிப்பிட்ட தொழில் சார்ந்தது, பொதுக் கோட்பாடுகளை அவர் தனியே எடுத்துரைத்ததாகத் தெரியவில்லை என்று இரண்டு வரி. எந்தப் பல்கலைக்கழகம் என்பது வேண்டாம். வேறு இடத்திலும் இதேதான் எழுதியிருப்பார்கள்.

இது எனக்கு மட்டும் தோன்றும் குறை இல்லை. மிக்னோன் ப்ரையர் என்ற ஆய்வாளர் கேப்டவுன் பல்கலைக்கழகத்தில் 2003இல் முடித்த முனைவர் பட்ட ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது இரண்டு பல்கலைக்கழகத் தொழிலாளர் சட்டப் பாடங்களைத்தான். வேலையிடத்திலும் சங்கத்திலும் கற்றுவந்த பெரியவர்கள் வகுப்பில் உட்காரும்போது அவர்கள் அனுபவத்தை அந்த வகுப்பு எப்படி எடுத்துக்கொள்கிறது, எங்கே ஒதுக்கிவைக்கிறது என்பது ஆய்வு. எல்லாப் பாடத்துக்கும் ஒரே ஆர்பிஎல் அச்சு பொருந்தாது, ஒவ்வொரு துறையின் அறிவும் எப்படி அமைந்திருக்கிறது என்று பார்த்துத்தான் அனுபவத்தை அளக்கவேண்டும் என்பது அவர் வாதம். எனக்கு அது சரியாகவே படுகிறது. கணிதத்துக்குக் கதை உதவாது. தொழிலாளர் சட்டமோ வழக்குகளால் கட்டப்பட்டது. வழக்கு என்பது நடந்த கதை. துணி வழக்கைச் சொன்னவரிடம், 'சரி, இந்தக் கதையில் எந்த விதி உடைந்தது?' என்று இன்னொரு கேள்வி கேட்டிருந்தால் போதும், அக்கா கொட்டியிருப்பார். அந்த இன்னொரு கேள்வியைக் கேட்பது தேர்வாளர் வேலை.

பல்கலைக்கழகத்தின் பயம் எனக்குப் புரியாமலில்லை. கிரெடிட்டை வாரி வழங்கினால் பட்டத்தின் மதிப்புப் போய்விடும் என்கிறார்கள். அந்தப் போலி விளம்பரங்களைப் பார்க்கும்போது அந்தப் பயம் நியாயம்தான். உயர்கல்விக் கவுன்சில் 2016இல் வெளியிட்ட கொள்கையில் ஒரு வரம்பு உண்டு: ஒரு படிப்பில் ஓராண்டு சேர்கிறவர்களில் பத்து சதவீதத்துக்கு மேல் ஆர்பிஎல் வழியாக வரக்கூடாது. தரம் காக்கிற வரம்பு என்கிறார்கள். மாமாவின் டிரேட் டெஸ்டில் இப்படி எந்தப் பங்கீடும் இல்லை. அளவு சரியாக இருந்தால் தேர்ச்சி, எத்தனை பேரானாலும். அளப்பதில் நம்பிக்கை இருந்தால் எண்ணிக்கைக்கு ஏன் பூட்டு?

இந்துமாக்கடலில் நம் ஆட்கள் இறங்கிய இன்னொரு கரை ரீயூனியன். அங்கே செல்லுவது பிரான்சின் சட்டம். 2002இல் அவர்கள் கொண்டுவந்த ஏற்பாட்டில் அனுபவத்தைக் காட்டி ஒருவர் முழுப் பட்டயத்தையே பெறலாம், ஒரு வகுப்பிலும் உட்காராமல். முதலில் மூன்றாண்டு அனுபவம் வேண்டும் என்றிருந்தது, 2016இல் ஓராண்டாகக் குறைத்தார்கள், 2022ஆம் ஆண்டுச் சட்டத்தில் அந்த வரம்பையே எடுத்துவிட்டார்கள். அங்கேயும் தடிமனான தொகுப்பு எழுதவேண்டும், நடுவர் குழு முன் உட்காரவேண்டும், எழுத்து அங்கேயும் இடிக்கும். ஆனாலும் சட்டம் தொடங்குகிற இடம் வேறு. எவ்வளவு கொடுக்கலாம் என்பதை நடுவர் குழு தீர்மானிக்கட்டும் என்று விட்டிருக்கிறார்கள். தமிழ்நாட்டு வாசகர்கள் நம் ஊர்க் கதையை நினைத்துக்கொள்வீர்கள்: 10, 12, அப்புறம் பட்டம் என்ற வரிசையில் வராத திறந்தவெளிப் பட்டம் அரசு வேலைக்குச் செல்லாது என்று 2009இல் ஆணை போட்டதும், நடுவில் மாட்டிக்கொண்டவர்கள் பட்ட பாடும். வரிசை மாறி வருகிறவர்மேல் சந்தேகம் எல்லா ஊரிலும் ஒன்றுபோல.

இன்னும் ஒரு கூட்டம் இருக்கிறது, அவர்களுக்குச் சேர்க்கைக் கதவும் உதவாது. கோயில் பள்ளிகளிலும் சங்கப் பள்ளிகளிலும் மாலையிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் தமிழ் சொல்லிக்கொடுத்தே வாழ்நாளைக் கழித்த பெரியவர்கள். அ, ஆ தெரியாத நாலாம் தலைமுறைப் பிள்ளைகளுக்குத் தேவாரம் படிக்கச் சொல்லிக்கொடுத்தவர்கள். பாடத்திட்டம் எழுதுவது, கலந்த வயது வகுப்பை நடத்துவது, இரண்டாம் மொழியாக ஒன்றைப் புகட்டுவது, எல்லாம் தெரியும். தென்னாப்பிரிக்க அரசியல் சட்டத்தின் ஆறாம் பிரிவு தமிழைப் பெயர் சொல்லி, வளர்த்து மதிக்கவேண்டிய மொழிகளில் ஒன்றாக வைத்திருக்கிறது. ஆனால் கிரெடிட் விலக்கு வேண்டுமென்றால் விலக்குப் பெற ஒரு பாடம் இருக்கவேண்டும். டர்பன்-வெஸ்ட்வில் பல்கலைக்கழகத்தில் ஒரு காலத்தில் தமிழ் இருந்தது. அந்த வகுப்பு இன்று இல்லை. இல்லாத பாடத்துக்கு எதை ஈடாக வைப்பது? ஓர் ஆசிரியை என்னிடம், "அப்ப எனக்குத் தெரிஞ்சது ஒண்ணுமே இல்லியா?" என்று கேட்டார். பள்ளி ஆசிரியர் படிப்பில் கற்பித்தல் பயிற்சி தொடர்பான பாடத்துக்கு முயலலாம் என்றேன். யோசிக்கிறேன் என்று போனவர் இன்னும் திரும்பவில்லை.

அக்கா மேல்முறையீடு செய்யலாமா என்று பார்த்தோம். செய்ய இடமுண்டு. கட்டணமும் உண்டு, காத்திருப்பும் உண்டு. அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு வேண்டாம் என்றார். "பன்னெண்டு கிரெடிட்டுக்கு இன்னொரு ஹியரிங்கா? என் கேஸை நானே வாதாடினா நல்லா இருக்காது தம்பி, விடு." சேர்ந்துவிட்டார். தனக்குத் தெரிந்த பாடத்தை, அதற்கும் கட்டணம் கட்டி, பேரப்பிள்ளை வயதுப் பிள்ளைகளோடு உட்கார்ந்து படித்தார். எனக்கு அது இன்னும் ஆறவில்லை. அவருக்கு அப்படி ஒன்றும் வருத்தம் இருப்பதாகத் தெரியவில்லை; வாசிப்பதற்கு நூலகம் கிடைத்ததே பெரிது என்கிறார்.

விரிவுரையாளர் ஒரு நாள் நடைமுறை நியாயத்துக்கு யாராவது உதாரணம் சொல்லுங்கள் என்றாராம். வகுப்பு பேசாமல் இருந்திருக்கிறது. அக்கா துணிக் கதையைச் சொன்னார், இந்த முறை பேசிவிட்டு எந்த விதி எங்கே உடைந்தது என்றும் சேர்த்துச் சொன்னார். வகுப்பு முடிந்ததும் ஒரு பையன் பின்னாலேயே வந்தான். மால் ஒன்றில் கடையில் பகுதிநேர வேலை, ஹியரிங் எதுவும் இல்லாமல் வாட்ஸப்பில் செய்தி அனுப்பி நிறுத்திவிட்டார்கள், ஏதாவது செய்யமுடியுமா ஆண்ட்டி? வேலைத் தகராறுகளை விசாரிக்கும் சமரச ஆணையத்துக்கு வழக்கை அனுப்ப சட்டம் கொடுக்கும் அவகாசம் முப்பது நாள். அவனை அங்கேயே திண்ணையில் உட்காரவைத்து 7.11 படிவத்தை இறக்கி நிரப்பத் தொடங்கிவிட்டார். நிறுத்திய தேதி எது என்று கேட்டால் அவனுக்குச் சரியாக ஞாபகமில்லை. போனைப் பிடுங்கிச் செய்தியைத் தேடிப் பார்த்தால் இருபத்தாறு நாள் ஆகியிருந்தது.